வாழைத்தோப்புக்கு அடியில் போன கேபிள்

தேவாரம் ஊரை நெருங்கும்போது யுவராணி பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டாள். சுருளியாண்டியின் வாழைத்தோப்பு இருந்த இடத்தில் வெறும் செம்மண் கிடந்தது.

எட்டுக் காற்றாலைகளின் மின்சாரத்தைத் தொலைவிலுள்ள துணைமின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் கேபிள் அந்தத் தோப்புக்கு அடியில்தான் புதைந்திருந்தது. எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டவள் காற்றாலைக் கம்பெனியின் இன்ஜினியரான அவள்தான். மின்சாரம் பாயப் பாயக் கேபிள் சூடாகும். அந்தச் சூட்டை ஈரமண் இழுத்துக்கொள்ளும், காய்ந்த மண் இழுக்காது. எப்போதும் தண்ணீர் பாயும் நிலம் என்று நம்பித்தான் அந்தத் தடிமன் போதும் என்றிருந்தாள்.

கோயம்புத்தூரிலிருந்த மேலாளர் சூரியபிரகாஷுக்குப் போன் செய்து, தோப்பு போய் மண் காய்ந்து கிடப்பதைச் சொன்னாள்.

"கேபிள கொஞ்சம் கூடுதல் தடிமனாத்தானே போட்டிருக்கோம்? காத்து சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்றார் அவர்.

ஆனி பிறந்துவிட்டது, காற்று நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் எழுந்து போய் வெளியே பார்த்தாள்.

மறுநாள் காலை நேராக நிலத்துக்குப் போனாள். சுருளியாண்டி சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே வாழைய வெட்டிட்டீக?"

"போர்ல தண்ணி அத்துப்போச்சு. ஆனா உங்க வயரு போற வரிசைதான் மொதல்ல கருகுச்சு. அந்தச் சூடுதான் வேர அவிச்சிருச்சுன்னு எம் பொண்டாட்டி சொல்றா. உங்க ஆபீஸ்காரவுக வந்தாக, பாத்துச் சொல்றோம்னாக. அம்புட்டுத்தான்."

இல்லை என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. சூடேறிய கேபிள் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை விரட்டவும் செய்யும். எவ்வளவு தூரத்துக்கு என்று அவளுக்குத் தெரியாது.

"தெரியலண்ணே. மண்ண சோதிச்சுட்டு நானே வந்து சொல்றேன்."

அவர் அடுத்த குழாயைச் சுருட்டப் போனார்.

கேபிளின் இரண்டு துண்டுகள் இணையும் தொட்டி வரப்போரம் இருந்தது. அங்கே பொருத்தியிருந்த வெப்பமானி எழுபத்தொரு டிகிரி காட்டியது. அப்போது வந்துகொண்டிருந்தது முக்கால்வாசி மின்சாரம்தான். முழுக்காற்று இறங்கினால் சூடு இன்னும் ஏறிக் கேபிளின் மேலுறை இளகிக் கெட்டுவிடும். மேற்கே மலையிலிருந்து காற்று இரைந்துகொண்டு வந்தது. அவள் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். எடுத்தது கார்த்திக்ராஜ்.

"ரெண்டு மிஷின நிறுத்துங்க. உடனே."

"யாரு சொன்னதுன்னு எழுதட்டும் மேடம்?"

"எம் பேரையே எழுதுங்க."

சற்று நேரத்தில் சூரியபிரகாஷ் கூப்பிட்டார். "சீசன் நேரத்துல நிறுத்தறதுக்கு நீங்க யாருங்க?"

"எழுபத்தொண்ணு சார். முக்கால் லோடுலயே. ரெண்டு நின்னாத்தான் எவ்வளவு காத்தடிச்சாலும் முக்கால் லோடத் தாண்டாது, சூடும் இதுக்கு மேல ஏறாது."

"முக்கால் லோடுலயேவா?" என்று கேட்டார் அவர். "நிறுத்தியே வைங்க" என்று போனை வைத்துவிட்டார்.

மண் சோதனை முடிவு வந்ததும் யுவராணி சுருளியாண்டியைத் தேடிப் போனாள்.

"கேபிளுக்கு ரெண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு எங்க சூடுதாண்ணே காயவச்சிருக்கு. அந்த வரிசை வாழை எங்களாலதான் போச்சு. மத்தது தண்ணி இல்லாமப் போனது."

சுருளியாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வரிசையாச்சும் ஒத்துக்கிட்டியே தாயி."

"சூடு குறையணும்னா இன்னொரு கேபிளும் பக்கத்துலயே போட்டு லோடப் பிரிக்கணும்ணே."

"எம் நிலத்துலயா? ஆகாது. ரோட்டோரமாச் சுத்திக் கொண்டுபோ."

சுற்றிப் போனால் தூரம் கூடும். தூரம் கூடினால் வழியில் வீணாகும் மின்சாரமும் கூடும். இன்னும் தடித்த கேபிள் கேட்க வேண்டும், மேலாளரிடம் மறுபடி மல்லுக்கு நிற்க வேண்டும். ஆனாலும் அவள் சரி என்றாள்.

பஸ் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. சாலையோரத்தை நடந்தே அளக்கத் தொடங்கினாள். நூறடிக்கு ஒருமுறை குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். எங்கேயும் ஈரமில்லை, காய்ந்த மண்ணுக்கென்றே தடிமனைக் கணக்கிட வேண்டும். காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேலே நடந்தாள்.