எண்ணெய் பாட்டிலில் போட்ட கோடு

அக்காவுக்கு,

போன வாரம் போனில் நீ, "ரூம்ல துணைக்கு ஆள் இருக்குல்லடா?" என்று கேட்டாய். "இருக்காரு" என்றேன். அது பொய். அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. போக வைத்தது நான்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

என் அறையில் இரண்டு கட்டில். இன்னொரு கட்டில் வெல்டருடையது. அவர் வேறு தேசத்து ஆள். நம் ஆட்களோடு பத்து வருடம் வேலை பார்த்ததில் நம் பேச்சு நன்றாகவே வரும். அவருக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல். நான் கிடங்கிலிருந்து திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது நான் கிடங்கில் இருப்பேன். ஏழு மாதத்தில் முகம் பார்த்துப் பேசியது ஏழெட்டுத் தடவை இருக்கும். ஆனாலும் மடித்து வைத்த போர்வை, கொடியில் காயும் சட்டை என்று கண்ணில் படும்போது ஆள் இருக்கிற வீடு மாதிரிதான் இருக்கும்.

ஜன்னலோரம் அடுப்பு. மேல்தட்டில் என் சாமான், கீழ்த்தட்டில் அவருடையது. என் எண்ணெய் குறைகிறது என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஊருக்கே எண்ணெய் ஊத்துறதா நேந்துக்கிட்டியா? எந்த தேசமா இருந்தா என்ன, திருட்டு திருட்டுதான். பேனாவால கோடு போட்டு வைடா." அத்தான் பின்னாலிருந்து, "கிடங்கு கிளார்க்குக்குக் கோடு போடச் சொல்லித் தரணுமாக்கும்" என்று சிரித்தார்.

போட்டேன். தினமும் சமைத்து முடித்ததும் ஒரு கோடு. மறுநாள் மாலை எண்ணெய் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும். சில நாள் மேலே நிற்கும். மேலே நின்றால், நான்தான் கோட்டைச் சரியாகப் போடவில்லை என்று நினைத்து, அழித்துவிட்டு வேறு போடுவேன். கிடங்கில் அப்படித்தான். சரக்கு குறைந்தால் விசாரணை. கூடினால், எழுதினவன் கைப்பிழை என்று திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

ஒரு ஞாயிறு அவர் எழுந்ததும் கேட்டேன்.

"என் எண்ணெய எடுக்குறீங்களா?"

"ஆமா," என்றார், மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வது போல.

"ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"ஒரே ரூம்ல இருந்துக்கிட்டா? எங்க பக்கம் அந்நியன்கிட்டதான் கேப்போம். கூட இருக்கவன்கிட்ட கேட்டா அவனுக்கு அவமானம்."

"எங்க பக்கம் அதுக்குப் பேரு திருட்டு."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவர் திருட்டை ஒப்புக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடுதி மேற்பார்வையாளரிடம் தேதிவாரியாக எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பேர் சாவிக்கொத்து. "எண்ணெய்க்கா இவ்ளோ பெரிய கடுதாசி? ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்குய்யா" என்றவர், அன்றைக்கே வெல்டரைப் பட்டறைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். எட்டுப் பேர் படுக்கிற இடம். நான் வந்து பார்த்தபோது கொடியில் இரண்டு கிளிப் மட்டும் தொங்கியது.

அதற்குப் பிறகுதான், அக்கா, எண்ணெய் நிஜமாகக் குறைய ஆரம்பித்தது. ஆறு வாரம் வந்த பாட்டில் மூன்றே வாரத்தில் காலி. யாரிடமோ மாற்றுச் சாவி இருக்கிறது என்று கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. எண்ணெயும் என் கோட்டிலேயே நின்றது. அடுத்த பாட்டிலும் மூன்று வாரம்தான். டீத்தூளும் அதேபோல் பாதி நாளில் தீர்ந்தது. நான் அழித்துத் திருத்திய கோடுகளெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

போன ஞாயிறு புது பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அடுப்புப் பக்கம் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. பாட்டிலைப் பைக்குள் தள்ளினேன்.

"நீங்க ஊத்தி வச்சத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"குடுத்ததச் சொல்லிக் காட்டுறவன் மனுஷனா?"

"எங்க பக்கமும் சொல்லிக் காட்டுறது தப்புதான்," என்றேன்.

"அப்புறம் என்ன? எங்க பக்கமும் திருட்டு தப்புதான். எடுத்துட்டு நிரப்பாமப் போறவனத்தான் திருடன்னு சொல்லுவோம்." என் பக்கம் திரும்பினார். "ஏழு மாசத்துல நீங்க என் தட்டுல ஒரு சிட்டிகை உப்புகூட எடுத்ததில்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"திரும்ப வந்துடுங்க. சாவிக்கொத்துகிட்ட நான் பேசுறேன்."

"திருடன்னு பேர் வாங்கின ரூம்ல தூக்கம் வராது."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதைக் கேட்பதும் இவருக்கு அவமானமாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. சுவரோரம் அவருடைய சர்க்கரை டப்பா இருந்தது. எங்கள் அறையில் கீழ்த்தட்டில் இருந்த, ஒரு பக்கம் நசுங்கிய அதே டப்பா. எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அவர் டீத்தூளைப் போட்டேன். டப்பாவைத் திறந்து ஆளுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டேன். சின்ன வயதில் கேட்காமல் சர்க்கரை எடுத்ததற்கு நீ என் காதைத் திருகியது எல்லாம் ஞாபகம் வந்தது.

கட்டிலில் படுத்திருந்த கிரேன்காரர் தலையைத் தூக்கினார். "யாருய்யா இது, கேக்காம கொள்ளாம டப்பாவத் தொறக்குறது?"

"என் ரூம்காரர்தான். விடு," என்றார் வெல்டர்.

அவ்வளவுதான் பேச்சு. இருவரும் டீயைக் குடித்தோம். நான் வந்துவிட்டேன்.

அவர் திரும்பி வரமாட்டார், அது எனக்குத் தெரிகிறது. பாட்டிலில் இருந்த கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். தினமும் மாலை அறைக்குள் வந்தால், காலையில் எதை எங்கே வைத்தேனோ அது அங்கேயே இருக்கிறது. ஒரு டம்ளர்கூட இடம் மாறுவதில்லை.

வரும் ஞாயிறு மறுபடியும் போகிறேன். அந்த ஆறு ஸ்பூன் சர்க்கரையை நிரப்ப வேண்டும், அவர் பார்க்காமல். எட்டுப் பேர் படுத்திருக்கிற கொட்டகையில் அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. கோடு போடச் சொன்னவள் நீ. இதற்கும் ஒரு வழி சொல்லி எழுது.

தம்பி