கோபுரம் கட்டினவர்கள்

காரோடு ஊருக்குப் பக்கத்து சபையொன்றில் நூறாண்டு விழா. அதற்கு வலைப்பக்கம் செய்யும் வேலை ஜினியின் தலையில் விழுந்தது. கூலி கிடையாது, ஆண்டவருக்கான ஊழியம் என்றார் செயலாளர் ஜெனில். ஜினி ஒப்புக்கொண்டது ஆண்டவருக்காக அல்ல. சபைக்குப் பின்னாளில் எழுப்பிய கோபுரத்துக்குக் கல் சுமந்து இடுப்பு ஒடிந்த அப்பா எலியாவின் படம் ‘கோபுரம் கட்டினவர்கள்’ பகுதியில் வரவேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஸ்லாட், அதாவது படம் உட்காரும் இடம், வைத்திருந்தாள். படத்தோடு இடத்தின் பெயரைக் குறித்துவிட்டால் அது தானாகப் போய் உட்காரும். கமிட்டிக்காரர்களுக்கு அது போதாதா? ஆளாளுக்குப் படத்தை ஏற்றி ‘தலைமை’ என்று குறித்துக்கொண்டார்கள். பந்தியில் முதல் இலைக்குக்கூட இவ்வளவு அடிபிடி நடந்ததில்லை.

ஜெனிலுக்குப் பொறுக்கவில்லை. தான் சொல்லும் ஆளை மட்டும் ஜினி கையால் இருத்த வேண்டும் என்றார். அவளும் ஸ்லாட்டுகளை மேனுவலுக்கு மாற்றினாள். இனி படம் பக்கத்துக்குள் கிடந்தாலும், இன்ன இடத்துக்கு இன்ன படம் என்று ஜினி புரோகிராம் கோடில் எழுதி ஒதுக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். எலியாவின் படமும் உள்ளேதான் கிடந்தது, சபையின் பின்பெஞ்சில் எலியா இருப்பதுபோல.

கோபுரம் கட்டினவர்கள் இடத்துக்கு ஜெனில் சொன்ன ஒரே பெயர் ஜெனில். அவர் வாழ்நாளில் தூக்கிய கனமான பொருள் காணிக்கைப் பை. ஜினி மறுபேச்சில்லாமல் ஒதுக்கினாள். பிறகு செயலாளர் இடத்துக்கும் தன்னையே போடச் சொன்னார். போட்டாள். படம் அங்கே போனது. கட்டினவர்கள் இடம் காலி.

“இதென்னட்டி, நான் எங்க போனேன்?”

“ஒரு படம் ஒரு இடத்துலதான் இருக்கும் அண்ணா. ரெண்டாவது எடத்துல இருத்தினா மொதல் எடத்த விட்டு எழும்பீரும்.”

படத்துக்கு இன்னொரு பிரதி எடுத்தால் இரண்டிடத்திலும் இளித்துக்கொண்டு இருக்கலாம். அதை அவள் சொல்லவில்லை.

ஜெனிலுக்குச் செயலாளர் இடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிஷப் பக்கத்தைத் திறக்கும்போது அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால் கேவலம். வேறு கமிட்டிக்காரனைப் போடலாம்தான். தான் எழும்பிய இடத்தில் அவன் இருப்பதைப் பார்ப்பதற்குப் பதில் விஷம் குடிக்கலாம்.

அப்பாவைப் போடட்டுமா என்று ஜினி கேட்டாள்.

“எலியாவா? அவன் சொமட்டுக்காரன் ஆக்கும். கல்லு சொமந்தவன் கட்டினவனா?”

“பின்ன கல்லு தானா ஏறிச்சா அண்ணா?”

சுமட்டுக்காரன் யாருக்கும் போட்டியில்லை என்று ஜெனிலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். போட்டுக்கொள் என்று கையை வீசினார். ஜினி அந்த நிமிஷமே ஒதுக்கினாள். தலையில் சும்மாட்டோடு எலியா திரையில் வந்து நின்றார்.

ஜெனில் அதைப் பார்த்தார். பிறகு தன் செயலாளர் படத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.