அரை நிமிடக் கங்காணி

எங்கள் அப்பா இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். அவருடைய திதியன்று இலை போட்டபின், யாரும் சோற்றில் கை வைக்குமுன், மூத்த மகன் எழுந்து நின்று அவர் கதையைச் சொல்ல வேண்டும். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது தாமதமாக வந்தவர்களை அவர் பிரம்பால் அடித்ததை முதலில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாமதமாக வந்த ஒருவனை அடிக்கச் சொன்ன துரையின் காலடியில் அதே பிரம்பைப் போட்டுவிட்டு வேலையை உதறியதை அதன் பிறகுதான் சொல்ல வேண்டும். அந்த வரிசை அப்பா இட்ட கட்டளை. நான் அதை மாற்றியதே இல்லை.

தோட்டப் பள்ளி ஆசிரியை சாந்தினி என்னைத் தேடி வந்தாள். அவள் தயாரிக்கும் பாடத்தில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒலிபெருக்கிக் குறி ஒன்று இருக்குமாம். போனில் அதைத் தொட்டால் தோட்டத்து ஆட்களின் குரல் கேட்குமாம்.

"படிக்கிறத விட கேட்டா புள்ளைங்க மனசுல நிக்கும் மாமா. உங்க குரல் வேணும் லா."

திதியில் சொல்வதுபோல் முழுவதும் சொன்னேன். பதிவு செய்துகொண்டு போனாள்.

அடுத்த வாரம் தானா ராத்தா டவுனில் ஷம்சுதீன் டீக்கடைக்குப் போனேன். தேநீரை வைத்துவிட்டு அவர் சிரித்தார்.

"என்ன பெரியவரே, உங்கப்பா பெரிய அடிதடி ஆளாமே? பேத்தி போன்ல கேட்டேன்."

பேத்தியின் போனை எடுத்து ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டார். என் குரல்தான். 'எங்கப்பா பிரம்போட நிப்பாரு. லேட்டா வந்தவன் முதுகு தடிச்சிப் போவும். அவரக் கண்டா புள்ளைங்க லயத்து வீட்டுக்குள்ள ஓடி ஒளியும்.' அதோடு நின்றுவிட்டது. கீழே கேள்வி: கங்காணி எப்படிப்பட்டவர்? பேத்தி நாதிரா எழுதியிருந்தாள்: கொடியவர்.

தேநீரைத் தொடாமல் பள்ளிக்குப் போனேன்.

"நீளமா போட்டா பாடம் போன்ல திறக்கல மாமா," என்றாள் சாந்தினி. "பாடமும் தோட்டத்துல பட்ட கஷ்டத்தப் பத்திதான். அதான் முதல் அரை நிமிஷத்த மட்டும் எடுத்தேன். இப்ப பிரம்பப் போட்டத மட்டும் திருப்பிச் சொல்லுங்க, மாத்திடுறேன்."

"அடிச்சத விட்டுட்டா?"

"அத யாரு மாமா கேக்கப் போறா?"

"எங்கப்பா கேப்பாரு. முழுசா போடு. இல்லன்னா எடுத்துடு."

எடுத்துவிட்டாள். பத்து நாளில் புதிய பாடம் வந்தது. அதே படம், வேறு குரல். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டும் வேலப்பன் பேசினான். 'எங்க தாத்தா கங்காணி. பாவப்பட்ட ஒரு ஆள அடிக்கச் சொன்னதுக்கு, துரை கால்ல பிரம்பப் போட்டுட்டுப் போயிட்டாரு.' அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று பெரட்டில் அடி வாங்க நின்ற ஆளே வேலப்பனின் தாத்தாதான்.

திரிங்காப்புக்கு பஸ் ஏறினேன். வேலப்பன் லாரியில் கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"உன் தாத்தா எந்தக் காலத்துல கங்காணிடா?"

"கோவப்படாதீங்க பெரியப்பா. கதை உங்களோடதுன்னு டீச்சருக்கும் தெரியும். நீங்க மாட்டேன்னுட்டீங்க. புள்ளைங்களுக்கு ஒரு நல்ல கங்காணி வேணும், யாரு தாத்தாவா இருந்தா என்னன்னாங்க. நான் சொன்னேன்."

"என் அப்பா வேலைய விட்டது உன் தாத்தாவுக்காக."

"இருக்கலாம் லா. எங்க தாத்தா அடி வாங்க நின்னாருன்னு என் புள்ளைங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?" கயிற்றை இழுத்துக் கட்டினான். "நீங்க எங்க வேணாலும் போயிச் சொல்லுங்க. அந்தப் பழைய பாடம் எல்லார் போன்லயும் கெடக்கு. உங்கப்பா அடிச்சாருன்னு உங்க வாயாலயே ஊரு கேட்டாச்சு. பிரம்பப் போட்டதும் அவருதான்னா யாரு நம்புவா?"

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அவனிடம் கெஞ்சி வாங்கும் பெயர் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். மற்றவள் முதுகைத் தடவிக்கொண்டு "ஐயோ கங்காணி, அடிக்காதீங்க" என்று அழுவதுபோல் நடித்தாள். பஸ்ஸில் பலர் சிரித்தார்கள். இறங்கும் இடம் வரும்வரை நான் அவர்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.