பக்க மூடியில் இரண்டு ஓட்டை

அத்தான் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. அவர் அக்காவிடம் சொல்வார், அக்கா என்னிடம் சொல்வாள், நான் மூன்றடி தள்ளி அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பேன். அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி ஓட்டியது நான், பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர், இடது கால் போனது அவருக்கு. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அதற்கு மருந்து போடவே வெட்கமாக இருந்தது.

வண்டிகளின் பிளாஸ்டிக் மூடிகளில் ஓட்டை போட்டு எதையாவது மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. மற்ற எதிலும் நான் சுத்தம் கிடையாது. ஓட்டையில் மட்டும் சுத்தம்.

அத்தானின் வண்டிக்குப் பக்கச் சக்கரம், கைக் கியர் எல்லாம் யாரோ வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலைச் செருகிவைக்க ஒரு பிடி மட்டும் பாக்கி. "உன்னையே வரச் சொன்னார்டா," என்றாள் அக்கா. வேலைக்கு நேர்காணல் போகிறவன் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். இன்றைக்கு ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் சரி, நேராக என்னிடம் பேசிவிடுவார் என்று நப்பாசை.

பழைய வண்டி. பிடியை மாட்டவேண்டிய பக்க மூடி இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது, அழுத்தினால் விரிசல்தான். வெளிப்பக்கத்தின் அளவுக்கு அட்டை வெட்டி, பிடியின் போல்ட் வரவேண்டிய இரண்டு இடத்தையும் குறித்தேன். பெயிண்ட் பெயராமலிருக்க மூடியைக் கவிழ்த்து, அடியில் மரக்கட்டை வைத்து, உள்பக்கம் டேப் ஒட்டி, அட்டையைப் பதித்தேன். முதலில் மெல்லிய முனை, அப்புறம் பெரியது. ட்ரில்லை மெதுவாக ஓடவிட்டு, அதன் எடையே இறங்கட்டும் என்று விட்டேன். ஒரு பிசிறு இல்லை. அத்தான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாட்டப் போனபோதுதான் தெரிந்தது. மூடியைக் கவிழ்த்தவன் அட்டையைக் கவிழ்க்கவில்லை. பின்னால் வரவேண்டிய ஓட்டைகள் இரண்டும் முன்னால் வந்திருந்தன. வண்டிச் சட்டத்தில் போல்ட் ஏறும் இடம் எங்கேயோ, ஓட்டை எங்கேயோ. என் வாழ்நாளில் இவ்வளவு அழகாக ஓட்டை போட்டதில்லை.

"பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன் அத்தான்."

அவர் மூடியை வாங்கி, ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் பார்த்துத்தான் ஓட்டுனேன்னு சொன்ன."

குரல் உயரவில்லை. அக்கா வழக்கம்போல என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சொல்லியனுப்ப எதுவும் மிச்சமில்லை.

நான் ட்ரில்லின் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றி முடித்ததும் கிளம்பிவிட வேண்டும். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அந்த வயர் ஆறு முழம்தான்.