நூறு சதவீதப் பள்ளிக்கூடம்

விடியுமுன்பே வேன் பெண்களை வெடி ஆலை வாசலில் இறக்கிவிட்டது. பேச்சியம்மாள் தன் சேலையை மகள் சினேகாவுக்குச் சுற்றிவிட்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை பெரிய பெண்ணாகத் தெரிய வேண்டுமே.

சரவெடி பின்னும் அறை. மருந்து நெடி தொண்டையில் காந்தியது. நூல் இழுத்து இழுத்து சினேகாவின் விரல் சிவந்தது.

ஆலை முதலாளி செந்தூர்பாண்டிதான் சினேகா படித்த பள்ளிக்கூடத்துக்கும் செயலாளர். ஆண்டுதோறும் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டுவார். அரையாண்டில் தோற்றவர்களுக்குப் பொதுத்தேர்வுக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சினேகாவுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதை மறைக்க, மகளுக்கு மஞ்சள்காமாலை என்று தெருவில் சொல்லி வைத்திருந்தாள் பேச்சியம்மாள்.

எதிரே செல்லக்கனியின் பக்கத்திலும் சேலை சுற்றிய ஒரு பிள்ளை. பொன்மணி, சினேகாவின் வகுப்புக்காரி. பிள்ளைகள் இருவரும் தலை குனிந்தார்கள்.

"ஒம் மவளுக்குக் காமாலைன்னியே?" என்றாள் செல்லக்கனி.

"ஒம் மவ கோவில்பட்டி ஆஸ்டல்ல படிக்கான்னியே."

யாரும் சிரிக்கவில்லை. வரிசைக் கடைசியில் மாரித்தாய் நிமிராமலே சொன்னாள்: "எம் மவளுக்குப் போன வருசம் வயித்துவலின்னு சொன்னேன். அதுவும் பொய்தான்."

முதலாளி சுற்றி வந்தபோது பேச்சியம்மாள் எழுந்து, பிள்ளையைப் பரீட்சை எழுத விடுங்கள் என்று கேட்டாள்.

"கணக்குல பன்னெண்டு மார்க்கு. இவ எழுதுனா பள்ளிக்கூடத்துப் பேரு என்னாகும்?"

"ஒங்க பள்ளிக்கூடத்துலதானே மொதலாளி படிச்சா. அவ பெயிலுன்னா, சொல்லிக்குடுத்த நீங்களும் பெயிலுதானே?"

அவர் முகம் கறுத்தது. "வேல வேணுமா, பள்ளிக்கூடம் வேணுமா? யோசிச்சுக்கோ."

அந்த அறையில் எதையும் ஓங்கி வைக்கக் கூடாது. பேச்சியம்மாள் பாதி பின்னிய சரத்தைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் வைத்தாள். செல்லக்கனியும் வைத்தாள். மாரித்தாயும், பிறகு வரிசை முழுவதும். ஒரு சத்தமும் எழவில்லை. பிள்ளைகளோடு வெளியேறி பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக் கதவு பூட்டியிருந்தது. என்ன கூட்டம் என்று காவலாளி கம்பி வழியே அதட்டினார். ரோட்டில் சைக்கிள்கள் நின்றன. டீக்கடையில் தெரிந்த முகங்கள் திரும்பின. பேச்சியம்மாளுக்குக் காது சுட்டது. ஆனாலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எம் மவ பெயிலு. இங்கனதான் பெயிலானா. இங்கனயே படிச்சுப் பரீட்ச எழுதுவா. கதவத் தொறங்க."

"எம் மவளும் பெயிலுதான்" என்றாள் செல்லக்கனி.

கதவு திறக்கவில்லை. அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்தார்கள்.