இரண்டு முழச் சதுரம்

முத்தாத்தாள் இரண்டு குடங்களையும் இறக்கி வைத்தாள். ஆடு மேய விட்ட கொரங்காடு அது. நான்கு ஏக்கரும் பங்குனி வெயிலில் சாம்பலாய்க் கிடந்தது. நடுவில் இரண்டு முழச் சதுரம் மட்டும் பச்சையாக நின்றது.

நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டியவன் அவள் மகன் நஞ்சுண்டன். பள்ளிக்கூடத்தில் கோபாலசாமி வாத்தியார் கொடுத்த வேலை. கார்த்திகை முதல் பங்குனி வரை மாதம் ஒரு தரம், கயிற்றுக்குள் பச்சையாய் நிற்கும் கொழுக்கட்டைப் புல் எத்தனை தூர், வெட்டுக்கிளி எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். நான்கு மாதம் எண்ணினான். புல் இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினாலு, ஒன்பது. மாசிக் கடைசியில் வாந்திபேதி வந்தது. ஒரு பகல், ஓர் இரவு. அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் போய்ப் பார்த்தாள். ஒன்பது ஏழாகியிருந்தது. இனி ஒன்றையும் சாக விடுவதில்லை என்று குடத்தை எடுத்தாள். கிளுவை முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டு ஆடுகளை மறித்தாள்.

"ஆட்டுக்கே தண்ணி பத்தல. நீ புல்லைக் குளிப்பாட்டறயாக்கு?" என்று புருஷன் அரங்கசாமி ஒருநாள் கேட்டார்.

"உங்க ஆட்டை நீங்க பாருங்க. இது பையனுது."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. காலையில் தண்ணீர் சேந்திக் குடங்களை நிரப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இன்று அவள் குடங்களை இறக்கி வைத்த சற்று நேரத்தில் வாத்தியார் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்தார்.

"வாங்க வாத்தியாருங்க. வருவீங்கன்னு தெரியுமுங்க. பங்குனியோட முடியுதுன்னு சொல்லீட்டே இருந்தான்."

"அதுக்குத்தானுங்கம்மா வந்தன். அவன் நோட்டு பாதியில நிக்கக் கூடாது."

ஒரு மாதமாக அவள் காத்திருந்த சொல் அது.

அவர் நஞ்சுண்டனின் நோட்டை விரித்துக் குந்தி உட்கார்ந்து எண்ணினார். அவள் உதடும் கூடவே எண்ணியது. இருபத்தொன்று. வெட்டுக்கிளி ஐந்து. பென்சில் நின்றது. அவர் கயிற்றுக்கு வெளியே பார்த்தார். பிறகு குடங்களைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனீங்களாங்கம்மா?"

"ஒரு நாள் தவறலீங்க. ரெண்டு கொடம்."

"செரீங்க."

அவர் முகம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"தப்புங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா."

"பையன் விசயத்துல மறைக்காதீங்க."

வாத்தியார் எழுந்தார். "காடு பூரா எண்ண முடியாதுங்களே. அதுக்காக ஒரு துண்டை எடுத்துக்கறது. இது எப்படியோ அப்படித்தான் காடுன்னு கணக்கு. காடு காஞ்சா இதுவும் காயோணும். ஆடு மேஞ்சா இதுலயும் மேயோணும். இதை மட்டும் தனியாப் பாத்துக்கிட்டா..." நிறுத்திக்கொண்டார்.

"கெடுத்துப்போட்டனுங்களா?"

அவர் பென்சிலை விரல்களில் உருட்டினார். "புல்லு அஞ்சுன்னு போட்டுக்கலாமுங்க. சுத்தீலும் இத்தனை எடத்துல அவ்வளவுதான் இருக்குது. யாருக்கும் தெரியாது."

"எண்ணாததை அவன் எழுத மாட்டானுங்க." அவள் குரல் உடைந்து, திரும்பி வந்தது. "இருக்கறதை எழுதுங்க. நான் ஊத்துனதையும் எழுதுங்க."

எழுதினார். வாசிக்கச் சொன்னாள்.

"பங்குனி. புல் இருபத்தொன்று. வெட்டுக்கிளி ஐந்து. தாயார் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இந்த எண்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது."

"கடைசியில என்னங்க?"

அவர் அதை மறுபடி வாசித்தார். அவள் தலையாட்டினாள்.

சைக்கிள் மறைந்த பிறகு முள்ளை வெறுங்கையால் இழுத்து அப்பால் போட்டாள். ஆடுகள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு செம்மறி கயிற்றுக்கு மேலாகத் தலையை நீட்டியது. மற்றவை ஓடி வந்தன. அவள் நின்று பார்த்தாள். அதிக நேரம் ஆகவில்லை. முளைகளை மட்டும் பிடுங்கவில்லை.

இரண்டு குடத்தையும் சுமந்து போய் ஆட்டுத் தொட்டியில் ஊற்றினாள். அரங்கசாமி பட்டியிலிருந்து வந்தார்.

"இன்னிக்குப் புல்லுக்கு ஊத்தலயா?"

"காட்டுக்கு இல்லீங்களே. அதுக்கு மட்டும் எதுக்குங்க."

அவர் காலிக் குடங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆடுகள் வந்து குடித்தன.