மூன்றாம் மாடியில் ஊர்கள்

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரை மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்திருந்தது. அதற்குள் எல்லோரும் வேறு ஊர் எடுத்துக்கொள்ள வேண்டும். நானும் என் மனைவி மரகதமும் புதன்கிழமை காலையிலேயே ஜவுளிக்கடைக்குப் போனோம். ஊர்கள் மூன்றாம் மாடியில் இருந்தன.

விற்பனையாளர் பெயர் எட்வின். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்ன மாதிரி பாக்குறீங்க சார்?"

"ரெண்டே பேரு. பையன் வெளிநாட்டுல இருக்கான். எனக்குக் காலையில நடக்கணும். இவளுக்கு மூட்டு வலி, மேடு பள்ளம் ஆகாது."

"கடல்?"

"கூப்பிடுற தூரத்துல இருந்தாப் போதும்" என்றாள் மரகதம்.

எட்வின் ஒவ்வொன்றாக உதறி விரித்தார். கோயம்புத்தூரை மரகதம் விரலால் தேய்த்துப் பார்த்தாள். நல்ல ஊர்தான், குளிரும் என்றாள். சென்னை எனக்குத் தோளில் பிடித்தது. மதுரையின் ஓரத்தில் யாரோ ஏற்கெனவே குடியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அடுக்கின் அடியில் நீல நிறத்தில் ஒன்று நைந்து கிடந்தது. மரகதம் அதை உருவினாள்.

"ஏங்க, தூத்துக்குடி. எண்பத்தி மூணு."

கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கே இருந்தோம். ஒரு பேக்கரிக்கு மேலே ஒரே அறை. விடியும்போதே தரை சூடாகிவிடும். மழைக்காலத்தில் மரகதம் எழுந்திருக்கவே மாட்டாள். முதுகைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, கீழே இப்போது பன் வேகிறது, இப்போது ரஸ்க் என்று மணத்தை வைத்தே சொல்லுவாள்.

"அது விக்கிறதில்லம்மா" என்றார் எட்வின். "போட்டுப் பாக்கலாம். ஒருத்தர்தான்."

மரகதம் அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சரியா இருக்கா?"

"இடுப்புல கொஞ்சம் டைட்டு. இருங்க, குழாயில தண்ணி வருது. புடிச்சிட்டு வந்துடுறேன்."

குடம் நிறையும் சத்தம் கேட்டது. பிறகு அவள் படியேறினாள். மூட்டு வலிக்காரியின் நடையாக அது இல்லை. மேலே ஓர் ஆண்குரல் சோப்பு எங்கே என்று கேட்டது. என் குரல்தான். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகிறது. என் மேல் எனக்கே பொறாமையாக இருந்தது.

"சார், நேரமாச்சு. அம்மாவைக் கூப்பிடுங்க."

"நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

"ஒருத்தர்தான் சார்."

"உள்ள ஏற்கெனவே நான் இருக்கேன்."

எட்வின் யோசித்தார். பிறகு திரையைத் தூக்கிப் பிடித்தார்.

படி நீண்டுகொண்டே போனது. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். கதவைத் திறந்தவனுக்கு இருபத்தாறு வயது. தலை நிறைய முடி.

"யாரு வேணும் சார்?"

மரகதத்தைக் கூட்டிப்போக வந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவனுக்குப் பின்னால் அவள் ஈரத் தலையோடு, குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். வழி கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல மரியாதையாக என்னைப் பார்த்தாள்.

"வாடகைக்கு ரூம் பாக்குறேன் தம்பி" என்றேன்.

"எதுத்தாப்புல ஒண்ணு காலியா இருக்கு. நீங்க தனியாவா?"

"ஆமா."

"அவருக்கு மூச்சு வாங்குது பாருங்க. முதல்ல உள்ள வரச் சொல்லுங்க" என்று அவள் அவனை அதட்டினாள். குடத்தை இறக்கிவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். "ஐயா, காப்பி குடிக்கீங்கல்லா?"

உட்கார்ந்தேன்.

"சீனி எவ்வளவு போடட்டும்?"

நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டதே இல்லாத கேள்வி அது.

"ஒரு கரண்டி போதும்மா" என்றேன்.